இரத்தப் பரிசோதனைக்குக் குழந்தையை ஆயத்தப்படுத்துவது எப்படி?

ஊசி குத்தும் வலி சில நொடிகளில் அடங்கிவிடும். ஆனால், நான்கு பேர் அமுக்கிப் பிடித்துக்கொண்ட அச்சம் குழந்தையின் மனத்திலேயே தங்கி, அடுத்த முறை மருத்துவமனை வாசலிலேயே அழுகையாக வெடிக்கும். இரத்தம் எடுக்கவோ தடுப்பூசி போடவோ குழந்தையை அழைத்துச் செல்லும் பெற்றோர் அந்த அச்சத்தைப் பெருமளவு தணிக்க முடியும்.

படி 1: நடக்கப்போவதை உள்ளபடி சொல்லுங்கள்

மிகச் சிறிய குழந்தைக்குப் புறப்படுவதற்குச் சற்று முன்பு சொன்னால் போதும். பள்ளி செல்லும் பிள்ளைக்கு ஓரிரு நாள்களுக்கு முன்பே சொன்னால்தான், மனத்தை அரிக்கும் கேள்விகளைக் கேட்க அவகாசம் கிடைக்கும். "வலிக்கவே வலிக்காது" என்று மட்டும் சொல்லாதீர்கள். வலித்துவிட்டால் அதன்பின் உங்கள் சொல்லைப் பிள்ளை நம்பாது. "கையில் ஒரு பட்டையை இறுக்கிக் கட்டுவார்கள், பஞ்சால் துடைக்கும்போது ஜில்லென்று இருக்கும், பிறகு சுருக்கென்று குத்தும், சின்னக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்ததும் ஊசியை வெளியே எடுத்துவிடுவார்கள்" என்று வரிசையாகச் சொல்லுங்கள். உடலிலுள்ள இரத்தம் முழுவதும் போய்விடுமோ என்று உள்ளுக்குள் நடுங்கும் பிள்ளைகளும் உண்டு. எடுத்த இரத்தத்தை உடல் மீண்டும் உண்டாக்கிக்கொள்ளும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடம்பிடிக்கும் பிள்ளையை "ஊசி போடச் சொல்வேன்" என்று மிரட்டும் வழக்கத்தை இன்றே கைவிட வேண்டும். சிகிச்சையைத் தண்டனையாக நினைக்கவைப்பது அதுதான்.

படி 2: வலியைக் குறைக்கும் வழிகளைக் கேளுங்கள்

தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பு உண்டு. லிடோகெய்னும் பிரிலோகெய்னும் கலந்த களிம்பை ஏறத்தாழ 60 நிமிடங்களுக்கு முன்பே தடவ வேண்டும் என்பதால், அது உங்கள் குழந்தைக்கு ஏற்றதா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போடும்போதோ அதற்குச் சற்று முன்போ தாய்ப்பால் கொடுப்பதை உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்துள்ளது.

படி 3: மடியில் அமர்த்திக்கொள்ளுங்கள்

மல்லாக்கப் படுக்க வைத்தால் சிறு குழந்தையின் அச்சம் கூடும். உங்களைப் பார்த்தவாறு மடியில் அமர்த்தி, மார்போடு அணைத்து, ஒரு கையை மட்டும் செவிலியரிடம் நீட்டச் செய்யுங்கள். அப்போது நீங்கள் பிடித்திருப்பது குழந்தைக்கு அரவணைப்பாகவே தெரியும். ஊசி போட்டால் மயக்கம் வரும் வளரிளம் பிள்ளைகளுக்கு மட்டும் படுத்திருப்பதே நல்லது. அதைச் செவிலியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 4: குழந்தைக்கு ஒரு வேலை கொடுங்கள்

"ஒன்றுமில்லை, பயப்படாதே" என்று பெரியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும்போது, பயப்பட ஏதோ இருக்கிறது என்றே குழந்தை புரிந்துகொள்கிறது. அதைவிட, சோப்புக் குமிழி ஊதச் சொல்லலாம். ஊதுவதற்காக மூச்சை நீளமாக விடும்போது உடலின் இறுக்கமும் தளரும். எந்தக் கை என்பதைச் செவிலியர் அனுமதித்தால் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். ஊசியைப் பார்க்க விரும்பும் பிள்ளையைத் தடுக்க வேண்டாம். "அழலாம், கையை மட்டும் ஆட்டாமல் வைத்துக்கொள்" என்பது எந்தக் குழந்தைக்கும் புரியும் வேலை. உங்கள் முகத்தையே அது பார்த்துக்கொண்டிருக்கும் என்பதால், நீங்களும் நிதானமாக மூச்சு விடுங்கள். தாங்க முடியாதவர் வெளியே இருந்துகொண்டு, குழந்தைக்கு நெருங்கிய வேறொருவரை உடன் இருக்கச் செய்வதில் தவறில்லை.

படி 5: முடிந்தபின் பேசுங்கள்

"அழாமல் இருந்தாய்" என்று பாராட்டினால் அழுத குழந்தை தோற்றுப்போனதாக எண்ணும்; "கையை அசைக்காமல் வைத்திருந்தாயே" என்று அது உண்மையில் செய்ததைச் சொல்லுங்கள். குழந்தை திமிறித் துடித்தால், அவசரமில்லாத பரிசோதனையைச் சற்று நிறுத்தச் சொல்லவும், வேறொரு நாளுக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்கவும் தயங்காதீர்கள்.