தேசியக் கொடி பத்தி வர்ற ஃபார்வர்டை எப்படி செக் பண்றது

ஆகஸ்ட் மாசம் வந்தாலே ஃபேமிலி குரூப்ல கொடியோட கதை சுத்த ஆரம்பிச்சிடும். போன வருஷம் எங்க அக்கா பொண்ணு ஸ்கூல் பேச்சுப் போட்டிக்கு அதையே மனப்பாடம் பண்ணிட்டு வந்து நின்னா, பாதி தப்பு. ரெண்டு பேரும் உக்காந்து ஒண்ணொண்ணா திருத்தினோம், அன்னிக்கு எப்படிப் பாத்தோமோ அதைத்தான் எழுதுறேன்.

முதல் வேலை, படத்துல கொடியோட நடுவுல என்ன இருக்குன்னு பாருங்க. ராட்டையா, சக்கரமா? 1921-ல இருந்தது மேல வெள்ளை, நடுவுல பச்சை, கீழ சிவப்பு, மூணு பட்டையையும் சேத்து பெரிய ராட்டை. 1931-ல காங்கிரஸ் அதை காவி, வெள்ளை, பச்சைன்னு மாத்தி ராட்டையை வெள்ளைப் பட்டைக்குள்ள கொண்டு வந்துச்சு. அசோக சக்கரம் 1947 ஜூலை 22-ல அரசியல் நிர்ணய சபை தீர்மானம் போட்டப்பதான் வந்துச்சு. திருப்பூர் குமரன் உயிர் விட்டது 1932 ஜனவரியில, அப்ப அவர் கையில இருந்த கொடியில சக்கரம் எப்படி இருக்கும்? அக்கா பொண்ணு சார்ட்டுலயும் குமரன் கையில சக்கரம் வச்ச கொடியைத்தான் வரைஞ்சிருந்தா, அழிச்சிட்டு ராட்டை போட்டோம்.

அடுத்து, "யார் வடிவமைச்சது"ன்னு ஒரே பேர் போட்டிருந்தா, எந்த வருஷத்துக் கொடியைன்னு கேளுங்க. பெரும்பாலும் வர்ற பேர் பிங்கலி வெங்கையா, அவர் 1921-ல பெஸவாடாவுல (இப்ப விஜயவாடா) காந்திகிட்ட கொடுத்தது சிவப்பு, பச்சை ரெண்டே கலர். வெள்ளையைச் சேக்கச் சொன்னது காந்தி, ராட்டை யோசனை ஜலந்தர் லாலா ஹன்ஸ்ராஜோடது. 1947-ல முடிவு பண்ணினது ராஜேந்திர பிரசாத் தலைமையில ஒரு கமிட்டி, நம்ம ராஜாஜியும் அதுல இருந்தார். சக்கரம் வச்ச கொடியை வரைஞ்சது சுரையா தியாப்ஜின்னு அவங்க குடும்பத்துல சொல்றாங்க, ஆனா தீர்மானத்துல யார் பேரும் இல்ல. வெங்கையாவோட உழைப்பு ரொம்பப் பெருசு, அதுக்காக மத்தவங்களை மறைக்கக் கூடாதுங்கறது என் கருத்து.

கலருக்கு மதம் சொல்ற ஃபார்வர்டுதான் மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும். 1921-ல அப்படி ஒரு விளக்கம் இருந்தது நிஜம், ஆனா 1931-லயே கலருக்கும் மதத்துக்கும் சம்பந்தமில்லன்னு காங்கிரஸ் தெளிவா சொல்லிடுச்சு. 1947-ல சபையில ராதாகிருஷ்ணன் பேசினப்ப காவி துறவு, வெள்ளை சத்தியத்தோட பாதை, பச்சை மண்ணோடயும் செடிகொடியோடயும் நமக்கு இருக்கிற உறவுன்னுதான் சொன்னார். சக்கரத்தோட 24 ஆரத்துக்கும் 24 குணம்னு ஒரு லிஸ்ட் வருமே, தீர்மானத்துல 24-ங்கற எண்ணே கிடையாது, சாரநாத் தூண்ல இருக்கிற சக்கரம் மாதிரின்னு மட்டும்தான் இருக்கு. அன்னிக்கு நடந்த விவாதம் முழுசா நெட்ல ஃப்ரீயா கிடைக்குது, தேதி போட்டுத் தேடுங்க.

தேதியையும் விடாதீங்க. நேரு செங்கோட்டையில கொடி ஏத்தினது 1947 ஆகஸ்ட் 16, பதினஞ்சு இல்ல.

ராட்டையை ஏன் எடுத்தாங்கன்னு பிள்ளைங்க கேட்டா, பேப்பர்ல ஒரு ராட்டை வரைய வச்சு, திருப்பி வெளிச்சத்துல பிடிச்சுக் காட்டுங்க. இந்தப் பக்கம் இருந்த ராட்டைச் சக்கரம் அந்தப் பக்கம் போயிடும், நூல் சுத்துற கதிர் இந்தப் பக்கம் வந்துடும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியணும்னுதான் நேரு சபையில காரணம் சொன்னார், கொடியில இருக்கிற அசோக சக்கரமும் ராட்டையைக் குறிக்கத்தான்னு தீர்மானத்துலயே எழுதியிருக்கு. அக்கா பொண்ணு மேடையில அந்தப் பேப்பரைத் திருப்பிக் காட்டித்தான் பேச்சை ஆரம்பிச்சா.