மூன்று வகுப்புகள், ஒரே பாடம்

டெக்சாஸில் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்காக, அதாவது வெளியே பார்க்க முடியாதபோதும் கருவிகளைக் கொண்டே விமானம் ஓட்டும் தகுதிக்காக, நான் முதலில் வாங்கிய இணைய வகுப்பு, கேள்விகளை மனப்பாடம் செய்யவே வைத்தது. மாதிரித் தேர்வில் 90 வாங்கினேன். ஆனால் என் பயிற்றுநர் விஓஆர் என்ற ரேடியோ வழிகாட்டி நிலையம் ஒன்றின் மேல் ஹோல்டிங் வட்டத்தை, அதாவது விமானம் காத்திருக்கும்போது சுற்றிவரும் பாதையை, வரைந்து, "தெற்கிலிருந்து வருகிறீர்கள், எப்படி நுழைவீர்கள்?" என்று கேட்டதும் என் பென்சில் அசையவில்லை. மேகத்துக்குள் இப்படித் திகைத்து நின்றால்? அன்றிரவு தூக்கமே வரவில்லை.

பிறகு மூன்று வகுப்புகளின் இலவச முன்னோட்டத்தை எடுத்து, மூன்றிலும் ஹோல்டிங் பாடத்தை மட்டும் பார்த்தேன். இரண்டில் விதியை வாசித்துவிட்டுக் கடந்துபோனார்கள். மூன்றாவதில் ஆசிரியர் திசைகாட்டியின் முகப்பிலேயே 70 டிகிரிக் கோட்டைப் போட்டு, டைரக்ட், டியர்டிராப், பேரலல் என்று மூன்று நுழைவுகளும் எங்கே பிரிகின்றன என்று காட்டினார். நிலையத்தை நோக்கி வரும் ஓட்டம் 1 நிமிடமாக அமைய, காற்றுக்கேற்ப நிலையத்தைவிட்டு விலகிப்போகும் எதிர் ஓட்டத்தை நீட்டுவதையும் குறைப்பதையும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அதையே வாங்கினேன்.

பணம் கட்டுமுன் இன்னொன்றையும் கேளுங்கள்: எழுத்துத் தேர்வுக்கான ஒப்புதல் சான்று தருவார்களா? பயிற்றுநரிடமிருந்தோ வகுப்பிடமிருந்தோ அது இல்லாமல் தேர்வு எழுத முடியாது. தேர்வில் 60 கேள்விகள், தேர்ச்சிக்கு 70 சதவீதம். அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் இன்ஸ்ட்ருமென்ட் ஃப்ளையிங் ஹேண்ட்புக் என்ற கையேடு இலவசமாகவே கிடைக்கிறது. அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதெல்லாம் மறுநாள் பறக்கப்போகும் பாடத்தை முந்தின இரவே பார்த்துவிடுகிறேன். போன வாரம் பயிற்றுநர் அதே வட்டத்தை மறுபடி வரைந்தார். பென்சிலை வாங்கி, கோட்டைப் போட்டுக் காட்டினேன்.