கையை ஊன்றாமல் எழுந்திருக்க: பெரியவர்களுக்கு ஒரு நாற்காலிப் பயிற்சி

தினமும் வாக்கிங் போகிறேனே, அது போதாதா என்று அறுபதைத் தாண்டிய பலரும் கேட்கிறார்கள். நடை ரொம்ப நல்லது, விடவே வேண்டாம். ஆனால் கழிப்பறையில் இருந்து எழவும், பஸ் படி ஏறவும், ராத்திரி யாரையும் எழுப்பாமல் கட்டிலை விட்டு இறங்கவும் தொடையில் பலம் வேண்டும், அந்தப் பலம் நடையால் மட்டும் வந்துவிடாது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகநடை போன்ற உழைப்பையும், அதோடு மூன்று நாளாவது பலமும் சமநிலையும் தரும் பயிற்சியையும் சொல்கிறது. அதைத் தொடங்க வீட்டில் ஒரு நாற்காலி இருந்தால் போதும்.

முதலில் நாற்காலி. பிளாஸ்டிக் வேண்டாம், வழவழப்பான தரையில் எழும்போது பின்னால் நகர்ந்துவிடும். கைப்பிடி உள்ள கனமான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். காலுறையைக் கழற்றிவிடுங்கள். சேலையோ வேட்டியோ காலில் தட்டாதபடி செருகிக்கொள்ளுங்கள்.

அடுத்தது உட்காரும் விதம், பலரும் சிரமப்படுவது இங்கேதான். சாய்ந்து உட்கார்ந்தபடியே எழப் பார்த்தால் எழவே முடியாது. இருக்கையின் முன்பாதிக்கு நகர்ந்து, பாதங்களை இடுப்பகலத்துக்கு வைத்து, குதிகால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் வரும்படி இழுத்துக்கொள்ளுங்கள். இப்போது மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் குனிந்து, மூச்சை விட்டுக்கொண்டே எழுந்திருங்கள். மூச்சை அடக்கக்கூடாது, ரத்த அழுத்தம் ஏறும்.

உட்காரும்போது தொப்பென்று விழாமல், மனதுக்குள் நான்கு எண்ணி மெதுவாக இறங்குங்கள். அப்படி இறங்கும்போதும் தொடைக்கு நல்ல வேலை கிடைக்கிறது.

ஐந்து முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஐந்து. ஒன்று விட்டு ஒரு நாள் செய்யுங்கள். கஷ்டமாக இருந்தால் கெட்டியான மெத்தை போட்டு இருக்கையை உயர்த்தலாம், கைப்பிடியைப் பிடிக்கலாம். சுலபமானதும் ஒரு கை, அப்புறம் இரண்டு கையையும் மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு.

நெஞ்சுவலி, தலைசுற்றல், முழங்காலில் குத்தும் வலி வந்தால் உடனே நிறுத்துங்கள். இதய நோய் இருந்தாலோ சமீபத்தில் ஆபரேஷன் ஆகியிருந்தாலோ டாக்டரைக் கேட்காமல் தொடங்கவே வேண்டாம்.

இந்த வயதில் என்ன பலம் வரப்போகிறது என்பவர்களுக்கு ஒரு சேதி: 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டனில், 86 முதல் 96 வயது வரை உள்ள முதியோர் இல்லவாசிகளுக்கு எட்டு வாரம் தொடைத்தசைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களின் கால் பலம் சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேல் ஆனது.

சில வாரம் கழித்து யாரையாவது பக்கத்தில் நிற்கச் சொல்லி, கையைக் கட்டிக்கொண்டு 30 வினாடியில் எத்தனை முறை எழ முடிகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். 70 முதல் 74 வயதில் ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 10-க்குக் கீழே வந்தால் விழும் அபாயம் அதிகம் என்று கணக்கு. அந்த எண்ணிக்கையைக் காலண்டரில் குறித்து வைத்து, அடுத்த மாதமும் எண்ணிப் பாருங்கள்.