பேரழிவை முன்னறிவிக்கும் கதையைக் கடலூர்க் கரையில் வைத்து எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரவிருக்கும் பேரழிவை ஒரு விஞ்ஞானியோ ஒரு கருவியோ முன்னதாகக் கண்டறிவதாக அமையும் அறிவியல் புனைகதைக்குக் கடலூரையும் புதுச்சேரியையும் களமாகத் தேர்ந்தெடுப்பதில் வியப்பேதும் இல்லை. 2004-இல் சுனாமி, 2011-இல் ‘தானே’ புயல், 2015-இல் வெள்ளம், 2024-இல் ஃபெஞ்சல் புயல் என இருபது ஆண்டுகளுக்குள் இத்தனையையும் பார்த்துவிட்ட கரை இது. அதனாலேயே இக்கரையின் வாசகரிடம் கதை விடுவதும் கடினம். அவர் எந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைப்பார் என்பதை எழுதுபவர் முன்னதாகவே தெரிந்துகொள்ள வேண்டும்.

பெரும்பாலான கையெழுத்துப் படிகள் முதல் அத்தியாயத்திலேயே சறுக்குகின்றன. கதையில் வரும் கருவி நாள், மணி, இடம் மூன்றையும் பிசகின்றிச் சொல்லிவிடுகிறது. அதன்பின் கதாநாயகனுக்குக் கத்துவதைத் தவிர வேறு வேலை இருப்பதில்லை. உண்மையான முன்னறிவிப்பு அவ்வாறு வருவதில்லை. ஃபெஞ்சல் புயலாக வலுப்பெறுமா, தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்குமா என்பதில் கணிப்பு மாறிக்கொண்டே இருந்தது. நவம்பர் 29 அன்றுதான் அது புயலானது. மறுநாள் இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபின் உள்நாட்டுக்குள் நகராமல் பல மணி நேரம் ஏறத்தாழ அங்கேயே நின்றதால், புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 1961-இல் அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ் தம் கணினியில் 0.506127 என்ற எண்ணுக்குப் பதிலாக 0.506 என்று சுருக்கி இட்டபோது, சிறிது நேரத்தில் முற்றிலும் வேறொரு வானிலை வெளிவந்ததே, அந்த நிலையின்மையைத் தாண்டிய கருவி எதுவும் இன்றுவரை இல்லை. புனைகதையில் அப்படி ஒன்றைப் படைக்கலாம். ஆனால் அது நூற்றுக்கு முப்பது வாய்ப்பு என்று சொல்லட்டும். முப்பது என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் எத்தனை கிராமங்களைக் காலி செய்யச் சொல்வார், சொல்லாமல் விட்டால் யாருக்குப் பதில் சொல்வார் என்பவை, நூறு என்ற எண்ணில் ஒருபோதும் எழாத கேள்விகள்.

நிலநடுக்கத்தையும் சுனாமியையும் ஒரே தட்டில் வைப்பது அடுத்த தவறு. நிலநடுக்கம் எந்த நாளில் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல இன்று வழியில்லை. 1975-இல் சீனாவின் ஹைசெங் நகரை நிலநடுக்கத்துக்கு முன்பே காலி செய்யவைத்த அதே நாடு, அடுத்த ஆண்டு டாங்ஷானில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் இலட்சக்கணக்கானோரை இழந்தது. சுனாமியோ நிலம் நடுங்கிய பிறகு புறப்படுவது. ஆகவே அதற்கு அவகாசம் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே கடலடி நடுங்கியது இந்திய நேரப்படி காலை 6.29-க்கு, அலை கடலூரின் கடற்கரைப் பகுதியான தேவனாம்பட்டினத்தை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. செய்தி உலகத்தில் இருந்தது, கரைக்கு வந்துசேர வழிதான் இல்லை. புதுச்சேரியின் நல்லவாடு கிராமத்துக்கு மட்டும் சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்க்காரர் ஒருவரின் தொலைபேசி அழைப்பு வந்தது. அலையின் உயரத்தை மீனவர்களுக்கு நாள்தோறும் அறிவிப்பதற்காக அங்கிருந்த ஒலிபெருக்கியிலேயே எச்சரிக்கை சொல்லப்பட்டு, மக்கள் வெளியேறிப் பிழைத்தார்கள். எந்தக் கற்பனைக் கருவியையும் விட இந்த ஒரு நிகழ்வில் திகில் மிகுதி என்பது என் எண்ணம். ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கிய 2007-க்குப் பிந்தைய கதையில் "யாருக்கும் தெரியவில்லை" என்று எழுத முடியாது. தெரிந்த செய்தி எந்தக் கண்ணியில் அறுந்தது என்று காட்டியாக வேண்டும்.

கடல் காட்சிகளில் பிழைகள் மலிந்து கிடக்கின்றன. ஆழ்கடலில் விசைப்படகை மலையளவு சுனாமி தூக்கியெறிவதாக எழுதுகிறார்கள். நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் அந்த அலை மணிக்கு எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் விரைந்தாலும் அதன் உயரம் ஒரு மீட்டரைக்கூட எட்டாமல் இருக்கலாம். படகில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது, திரும்பி வரும்போதுதான் கரையில் ஊர் இருக்காது. அதுபோல், அலைக்கு முன் கடல் எப்போதும் உள்வாங்கும் என்பதும் சரியன்று: 2004-இல் முதலில் உள்வாங்கியது தாய்லாந்துப் பக்கம், நம் கரைக்கு முதலில் வந்தது நீர்மட்டம் உயரும் அலை. புயல் கூண்டைப் பற்றியும் ஒரு சொல். கடலூர்த் துறைமுகத்தில் 11-ஆம் எண் கூண்டு ஏற்றப்பட்டதாக எழுதி, அதுவே மிகப் பெரிய புயல் என்று விளக்கம் தருவோர் உண்டு. பதினொன்று என்பது வானிலை மையத்துடன் தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்பதற்கான எண். திகில் கதை எழுதுபவருக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்குமா? கிடைத்ததைத் தவறாகப் பயன்படுத்தி வீணடிக்கிறார்கள்.

எச்சரிக்கையைக் கேட்காத அதிகாரியை முட்டாளாகவும் ஊர் மக்களை அறியாதவர்களாகவும் காட்டுவதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. சுனாமி வந்த நான்காம் நாள், 2004 டிசம்பர் 30 அன்று, வெளிநாட்டுத் தனியார் நிறுவனம் ஒன்றின் கணிப்பை நம்பி மத்திய உள்துறை மீண்டும் சுனாமி எச்சரிக்கை விடுத்தது. மக்கள் மறுபடியும் ஓடினார்கள், அலை வரவில்லை. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அருகே 8.6 அளவில் நிலம் நடுங்கியபோதும் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. அன்று நிலத்தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்தனவே தவிரக் கடலடி பெரிதாக மேலெழாததால் பேரலை உருவாகவில்லை. முதலாவது, விட்டிருக்கவே கூடாத எச்சரிக்கை. இரண்டாவது, விட்டதே சரியான எச்சரிக்கை. ஆனால் ஓடியவர்களின் கால்களுக்கு இரண்டும் ஒன்றுதான். மூன்றாவது முறை ஒலிபெருக்கி அலறும்போது, பைபர் படகைப் பத்துப் பேர் சேர்ந்து மேட்டுக்கு இழுத்து, எஞ்சினைக் கழற்றித் தோளில் சுமந்து வீட்டுக்குள் வைத்துவிட்டு, ஈர வலையை மணலில் விட்டுப்போக மனமில்லாமல் நிற்கும் ஒருவரை எழுதிப் பாருங்கள். கடலுக்குப் போகாத நாளில் அவர் வீட்டு அடுப்பு எரிவதற்கு யார் பொறுப்பு என்று அவர் கேட்டால், உங்கள் விஞ்ஞானியிடம் பதில் இருக்க வேண்டும்.

முன்னறிவிப்பால் அழிவு தவிர்க்கப்பட்டால் அந்த முன்னறிவிப்பு பொய்யாகிவிடுமா என்ற முரணுக்கு, எழுதத் தொடங்கும் முன்பே ஒரு விதியை வகுத்துக்கொள்வது நல்லது. விதி எதுவாகவும் இருக்கலாம். கடைசி அத்தியாயத்தில் வசதிக்கேற்ப மாற்றக்கூடாது, அவ்வளவுதான்.

அலை வடிந்ததும் கதையை முடிப்பதும் தவறே. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே, பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. நட்ட பலா காய்ப்புக்கு வர ஆண்டுகள் பிடிக்கும். அந்தத் தோட்டக்காரர் உங்கள் கருவியைத் தேடி வந்து, மறுபடி பலா வைக்கலாமா, அது காய்ப்பதற்குள் இன்னொரு புயல் வருமா என்று கேட்பார். கருவி அப்போதும் ஒரு விழுக்காட்டைத்தான் சொல்லும். அதைக் கேட்டு அவர் கன்று வாங்குகிறாரா, நிலத்தை விற்கிறாரா என்பதையும் எழுத வேண்டும்.