காப்பாளர் வந்துவிட்டால் பெற்றோர் உரிமை போய்விடுமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளிப் படிவத்தின் அடியில் ‘பெற்றோர் / காப்பாளர் கையொப்பம்’ என்று ஒரு வரி இருக்கும். காப்பாளர் என்பவர், பெற்றோருக்குப் பதிலாகக் குழந்தையைக் கவனித்துக்கொள்ளச் சட்டப்படி நியமிக்கப்படுபவர். நடுவிலுள்ள சாய்கோட்டைப் பார்த்து இருவரும் ஒன்றே என்று நினைப்பவர்கள் உண்டு. காப்பாளர் பெயர் எழுதப்பட்டதுமே பெற்றோர் பெயர் அடிக்கப்பட்டுவிட்டதாக நினைப்பவர்களும் உண்டு. இரண்டுமே தவறு.

காப்பாளர் நியமனத்தைத் தத்தோடு குழப்பிக்கொள்வதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய். முழுமையான தத்தில் பெற்றவர்களோடு இருந்த சட்ட உறவு முடிந்து, வளர்ப்பவர்களோடு புதிய உறவு பிறக்கிறது. காப்பாளர் நியமனத்தில் அந்த உறவு அறுவதில்லை. எந்தப் பள்ளி, எந்தச் சிகிச்சை, எந்த வீடு என்று முடிவெடுக்கும் அதிகாரம்தான் பெரும்பாலும் கை மாறுகிறது. இங்கிலாந்தில் 2005 முதல் நடைமுறையிலுள்ள சிறப்புக் காப்பாளர் முறையைப் பாருங்கள். அன்றாட முடிவுகளில் காப்பாளரின் சொல்லே மேலோங்கும். ஆனால் குழந்தையின் குடும்பப் பெயரை மாற்றவோ, மூன்று மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் வைத்திருக்கவோ வேண்டுமானால், ‘பெற்றோர் பொறுப்பு’ (குழந்தைக்காக முடிவெடுக்கும் சட்டப்படியான உரிமையும் கடமையும்) உள்ள எல்லாருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதலோ நீதிமன்ற அனுமதியோ தேவை. ஆகவே காப்பாளரை நியமித்த நீதிமன்ற உத்தரவில் எது மாறியது, எது மாறவில்லை என்று வரிவரியாகப் படியுங்கள். நாட்டுக்கு நாடு இது வேறுபடும்.

உரிமை ஒதுங்கினால் கடமையும் ஒதுங்கிவிடும் என்று சில பெற்றோர் நினைக்கிறார்கள். பல நாடுகளின் சட்டத்தில் பராமரிப்புச் செலவுக்கான பொறுப்பு அவர்களிடமே நீடிக்கிறது.

என்னை மிகவும் வருத்துவது, குழந்தையைப் பார்க்க வருவதில் நடக்கும் சண்டை. வாசலில் அம்மா பையோடு நிற்கிறார். “கோர்ட்டு என்னிடம்தான் கொடுத்திருக்கிறது” என்று காப்பாளர் கதவைப் பாதி திறந்தபடி சொல்கிறார். உள்ளே குழந்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. காப்பாளர் என்பதாலேயே ஒருவர் தம் விருப்பப்படி பெற்றோரை விலக்கி வைக்க முடியாது. 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையின் 9-ஆவது பிரிவு, பிரிந்து வாழும் குழந்தைக்குப் பெற்றோரோடு தொடர்ந்து தொடர்பில் இருக்கும் உரிமை உண்டு என்கிறது; குழந்தையின் நலனுக்குக் கேடு என்றால் மட்டுமே விலக்கு. அதே வேளையில், பெற்றவர் என்பதற்காக நினைத்த நேரத்தில் வந்து பிள்ளையை அழைத்துச் செல்லவும் முடியாது. கிழமை, நேரம், இடம், தொலைபேசிப் பேச்சு எல்லாவற்றையும் உத்தரவிலேயே எழுதித் தரும்படி கேளுங்கள். “பேசிப் பார்த்துக்கொள்ளலாம்” என்று விட்ட இடத்தில்தான் கதவு அடைபடுகிறது.

குடும்பத்துக்குள் எழுதிய கடிதத்தை நம்பி இருந்துவிடுவது அடுத்தது. பேரனை வளர்க்கும் பாட்டி, மகள் கையெழுத்திட்ட தாளோடு மருத்துவமனைக்குப் போகிறார். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் மருத்துவர்கள் காத்திருக்க மாட்டார்கள். நாள் குறித்துச் செய்யும் அறுவைச் சிகிச்சைக்கோ அந்தத் தாள் போதாமல் போகலாம். நோட்டரி முத்திரை குத்தியதாலேயே அது நீதிமன்ற உத்தரவு ஆகிவிடாது. சில மாத ஏற்பாடாக இருந்தாலும், உங்கள் ஊர்ச் சட்டம் எந்த ஆவணத்தை ஏற்கும் என்று ஒரு வழக்கறிஞரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சொத்து தனிக் கணக்கு. குழந்தையை வளர்க்கும் காப்பாளர் வேறு, சொத்தைக் கவனிக்கும் காப்பாளர் வேறு ஆளாக இருக்கலாம். இந்தியாவில் 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டப்படி (Guardians and Wards Act) நியமிக்கப்பட்ட காப்பாளர்கூட, நீதிமன்றத்தின் முன் அனுமதியின்றி மைனரின் அசையாச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது.

கடைசியாக, ‘தற்காலிகம்’ என்ற சொல். நிலைமை சரியானதும் பிள்ளை தானாக வீடு திரும்பிவிடும் என்று நம்பிக் கையெழுத்திடுகிறார்கள். உத்தரவில் காலக்கெடு இல்லையென்றால் பொதுவாக நீதிமன்றத்துக்குத்தான் திரும்பப் போக வேண்டும். அங்கே முதலில் எடைபோடப்படுவது குழந்தையின் நலன். உங்கள் ஏக்கம் அதற்கு அடுத்துத்தான். ஐந்து ஆண்டுகள் ஒரே வீட்டில், ஒரே பள்ளியில் வேரூன்றிய பிள்ளையை அசைக்க நீதிபதி தயங்குவார். அதனால் முதல் மாதத்திலிருந்தே சான்றுகளைச் சேர்த்து வையுங்கள்: பார்க்க வந்த நாட்கள், அனுப்பிய பணத்தின் ரசீதுகள், முடித்த சிகிச்சையின் அறிக்கைகள், பள்ளிக் கூட்டத்துக்குப் போன தேதிகள்.

பிள்ளையிடமும் பேசுங்கள். உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, கருத்துச் சொல்லக்கூடிய குழந்தையின் பேச்சுக்கு அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புத் தரச் சொல்கிறது. நீதிபதி கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். “அம்மா எப்போது வருவாள்?” என்று பிள்ளை கேட்டால், அடுத்து வரும் நாளைக் காலண்டரில் வட்டமிட்டுக் காட்டுங்கள்.