அரிப்புக்கு எதைத் தடவக் கூடாது?

மெடிக்கலில் "அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட் கொடுங்க" என்று கேட்டு வாங்குவதில்தான் பாதித் தொல்லை தொடங்குகிறது. கடலூர், புதுச்சேரி மாதிரி கடற்கரை ஊர்களில் வியர்வை லேசில் காயாது. தொடையிடுக்கும் அக்குளும் நாள் முழுக்க ஈரமாகவே இருக்கும். படர்தாமரை வர இது போதும்.

வட்டமாக, ஓரம் தடித்துச் சிவந்து, நடுவில் தெளிந்திருந்தால் பெரும்பாலும் படர்தாமரைதான். இது பூஞ்சைத் தொற்று. சீட்டு இல்லாமல் கிடைக்கும் பல ட்யூபுகளில் பூஞ்சை மருந்தோடு குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டும் கலந்திருக்கும். அட்டையில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், படித்துப் பாருங்கள். தடவிய இரண்டு நாளில் அரிப்பு நின்றுவிடும். அடங்கியது சிவப்பும் அரிப்பும்தான், பூஞ்சை அல்ல. ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பைக் குறைப்பதால் அது இன்னும் பரவும். நிறுத்தினால் முன்னைவிட மோசமாகத் திரும்பும், மறுபடி அதே ட்யூபைத் தேடுவோம். இப்படியே சில மாதம் போனால் தொடைத் தோல் மெலிந்து வரிவரியாகத் தழும்பு விழும். அந்த வரிகள் முழுதாக மறைவதில்லை. வட்டமும் கலைந்துவிடுவதால் டாக்டருக்கே கண்டுபிடிப்பது சிரமம். அதனால் இதுவரை தடவிய ட்யூபைக் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

குளோட்ரிமசோல் போன்ற, ஸ்டீராய்டு கலக்காத கிரீமைக் குளித்துத் துடைத்து நன்றாகக் காய்ந்த பிறகு தினம் இரண்டு வேளை தடவ வேண்டும். வட்டத்தின் ஓரத்தைத் தாண்டி 2 செ.மீ. வரை போட வேண்டும். மறைந்த பிறகும் 2 வாரம் தொடர வேண்டும். மறைந்ததும் விட்டுவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. துண்டையும் உள்ளாடையையும் பகிராதீர்கள். பல இடங்களில் பரவியிருந்தால் கிரீம் மட்டும் போதாது. மாத்திரை வேண்டியிருக்கும், அதை டாக்டர்தான் எழுத வேண்டும்.

ராத்திரியில் அரிப்பு கூடி, விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் தொப்புளைச் சுற்றியும் பொரிப்பொரியாக வந்து, வீட்டில் இன்னொருவரும் சொறிந்தால் அது சிரங்கு, கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சியால் வருவது. இதில் அரிக்கும் இடத்தில் மட்டும் மருந்து போட்டால் பயனில்லை. 5% பெர்மெத்ரின் கிரீமைக் கழுத்துக்குக் கீழே உள்ளங்கால் வரை, நகக்கண் உட்பட, இரவில் தடவி 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். பெரியவருக்கு ஒரு தடவைக்கே 30 கிராம் போகும். ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு தடவை. வீட்டில் எல்லோரும், அரிப்பே இல்லாதவரும், ஒரே நாளில் போட வேண்டும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் டாக்டரைக் கேட்டுத்தான். போர்வையையும் உடுத்திய துணியையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவையுங்கள். பூச்சி செத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கலாம். மருந்து கேட்கவில்லை என்று திரும்பத் திரும்பத் தடவினால் தோல்தான் எரியும்.

மழைக்காலத்தில் ட்யூப்லைட்டைச் சுற்றும், எறும்பு போல நீளமாக ஆரஞ்சும் கறுப்புமான ஒரு சிறு வண்டு உண்டு. அது கடிப்பதில்லை. மேலே உட்காரும்போது நசுக்கினால் வெளிவரும் நீர்தான் சுடும். ஒரு நாள் கழித்துக் கோடு போட்டாற்போல் எரிச்சலும் கொப்புளமும் வரும். இதை அக்கி என்று நினைத்துக் காவி எழுதப் போகிறார்கள். வண்டு உட்கார்ந்தால் ஊதித் தள்ளுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள்.

உண்மையான அக்கி வேறு. உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக வரும், கொப்புளத்துக்கு முன்பே வலி இருக்கும். சின்னம்மைக் கிருமி மறுபடி தலைதூக்குவதால் வருவது இது. வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். காவி எழுதிக் காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும். நெற்றியிலோ கண் பக்கமோ வந்தால் அன்றைக்கே ஜிப்மருக்கோ கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ போய்விடுங்கள்.

வேர்க்குருவுக்குப் பவுடரை அப்புவது வியர்வைத் துளையை இன்னும் அடைக்கும். பச்சைத் தண்ணீர்க் குளியல், பருத்தித் துணி, காலமைன் லோஷன் போதும்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைப்பவர்களுக்குக் கொட்டைத் தோட்டின் எண்ணெய் பட்டுக் கை கறுத்து உரியும். அந்த எண்ணெய் வெறும் தண்ணீரில் போகாது. முதலில் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தெடுத்து, பிறகு சோப்பால் கழுவுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். அதன் மேல் சுண்ணாம்போ, தண்ணீர் கலக்காத டெட்டாலோ வேண்டாம். ஏற்கெனவே வெந்த தோலை அவை மேலும் புண்ணாக்கும். உடைக்க உட்காரும்போதே ரப்பர் கையுறை மாட்டிக்கொள்ளுங்கள். அதில் கிழிசல் இருந்தால் எண்ணெய் உள்ளே இறங்கித் தோலோடு ஒட்டியே நிற்கும், அப்போது வெறுங்கையைவிட மோசம்.