டிராஃப்டில் மேலே ஏறும்போது பார்க்க வேண்டியது

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில், அணிகள் வரிசைப்படி புதுமுக வீரர்களைத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். அதில் உங்கள் அணி தன் எதிர்காலத் தேர்வு வாய்ப்புகளை வேறு அணிக்குக் கொடுத்து வரிசையில் மேலே ஏறினால், யாருக்காக ஏறுகிறது என்று முதலில் பாருங்கள். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் என்றால் சரி. லீக்கும் வீரர் சங்கமும் செய்த 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு புதுமுகங்களின் சம்பளம் ஏறக்குறைய தேர்வு வரிசைப்படியே அமைந்துவிடுகிறது. முதல் சுற்று வீரருக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம். அணி விரும்பினால் ஐந்தாவது ஆண்டும் உண்டு. அதுவரை குவார்ட்டர்பேக் மலிவாகக் கிடைப்பதால், அணி மொத்தமாகச் செலவிடக்கூடிய சம்பள வரம்பில் மிஞ்சும் பணத்தில் மற்ற இடங்களைப் பலப்படுத்தலாம். 2017இல் கான்சஸ் சிட்டி 27ஆவது இடத்திலிருந்து 10க்கு ஏறி குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸை எடுத்தது அருமையான முடிவு. ஆனால் 2021இல் சான் பிரான்சிஸ்கோ, அடுத்த இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகளையும் கொடுத்து 12இலிருந்து 3க்கு ஏறி குவார்ட்டர்பேக் டிரே லான்ஸை எடுத்தது. அப்புறம் அவர்களை இறுதிப் போட்டியான சூப்பர் பவுலுக்குக் கொண்டுபோன குவார்ட்டர்பேக், 2022இல் கடைசியாக 262ஆவது இடத்தில் கிடைத்த பிராக் பர்டி! பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக்குக்காக இவ்வளவு விலை கொடுப்பது வேண்டவே வேண்டாம்.